அயர்லாந்தில் ரக்பியே தொழிலாக: ஜானி செக்ஸ்டனின் 17 ஆண்டுகள்

அயர்லாந்தில் தொழில்முறை ரக்பி வீரராக இருப்பவரின் வாழ்க்கை எப்படி நகரும், அவருக்குச் சம்பளம் தருவது யார், எத்தனை வயது வரை ஆட முடியும், அதன்பின் என்ன செய்வார் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, நம் ஊர் கிரிக்கெட்டில் நடப்பதுபோல் அங்கும் முதலாளிகள் ஏலத்தில் எடுக்கிறார்களா என்றும் ஒரு கேள்வி. ஏலம் கிடையாது. அதைவிட முக்கியமாக, தனியார் முதலாளியே அநேகமாகக் கிடையாது. அயர்லாந்து வீரரின் தொழில் வாழ்க்கை முழுவதையும் தீர்மானிப்பது இந்த ஒரு விஷயம்தான் என்பது என் கருத்து. ஜானி செக்ஸ்டனை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். அவர் அந்த அமைப்புக்குள் வளர்ந்தார், இரண்டு ஆண்டுகள் வெளியே போனார், திரும்பி வந்தார், 38 வயது வரை ஆடினார். உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வேறுபாடு அவருடைய உடலிலேயே தெரிந்தது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ரக்பி யூனியன் ஆட்டம் 1995 ஆகஸ்டு வரை அதிகாரபூர்வமாகத் தொழில்முறை சாராதது. அதுவரை அயர்லாந்துக்கு ஆடியவர்கள் மருத்துவராகவோ, வங்கி ஊழியராகவோ, விவசாயியாகவோ வேலை பார்த்துக்கொண்டே மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள். பணம் கொடுக்கலாம் என்று ஆனவுடன் இங்கிலாந்து கிளப்புகள் அயர்லாந்து வீரர்களை அள்ளிக்கொண்டு போயின. அவர்களை ஊருக்குத் திரும்ப அழைத்துவர அயர்லாந்து ரக்பி சங்கம் கைக்கொண்ட வழி, ஏற்கெனவே இருந்த நான்கு மாகாண அணிகளையே தொழில்முறை அணிகளாக மாற்றுவது. டப்ளினை மையமாகக் கொண்ட லென்ஸ்டர், தெற்கே மன்ஸ்டர், வடக்கே அல்ஸ்டர், மேற்கே கானக்ட். நான்கும் சங்கத்தின் கிளைகள். அல்ஸ்டரின் பெரும்பகுதி பிரிட்டன் ஆட்சிக்குட்பட்ட வடக்கு அயர்லாந்தில் இருக்கிறது. ஆனாலும் ரக்பியில் தீவு முழுவதற்கும் ஒரே அணிதான்.

ஆகவே ஒரு நாட்டில் மொத்தம் நான்கே வேலை இடங்கள். ஒவ்வோர் அணியிலும் நாற்பது சொச்சம் பேர். எந்த ஓர் ஆட்டநிலைக்கும் நாடு முழுவதிலும் முதல் தேர்வாக நான்கு பேருக்குத்தான் இடம் உண்டு. இதிலும் மேல்மட்டத்தில் இருக்கும் ஒரு டஜனை ஒட்டிய வீரர்களுக்குச் சங்கம் நேரடியாக ஒப்பந்தம் தரும். அதை மைய ஒப்பந்தம் என்பார்கள். மற்றவர்கள் மாகாணத்துடன் கையெழுத்திடுவார்கள், ஓராண்டு, இரண்டாண்டு, மிஞ்சினால் மூன்றாண்டு. சமீப ஆண்டுகளில் மைய ஒப்பந்தம் பெற்றவர்களில் பெரும்பாலோர் லென்ஸ்டர்காரர்கள் என்பதால் மற்ற மூன்று மாகாணங்களிலும் மனத்தாங்கல் இருக்கிறது. அது நியாயமான மனத்தாங்கல் என்றுதான் நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? முக்கியமாக நாட்டு அணியிடமிருந்து. டப்ளினில் அயர்லாந்து ஆடும் ஆட்டங்களின் டிக்கெட், ஒளிபரப்பு உரிமை, விளம்பரதாரர்கள். நாட்டு அணி வென்றால்தான் மாகாணங்களின் பிழைப்பு ஓடும். அதனால் மாகாண ஆட்டங்களில் யாரை எத்தனை முறை இறக்குவது என்பதில்கூடச் சங்கத்தின் கை இருக்கும். ஒரு முன்னணி வீரர் சாதாரண லீக் ஆட்டத்தில் உட்கார வைக்கப்பட்டால் பயிற்சியாளருக்கு அவர்மேல் கோபம் என்று பொருளல்ல. பிப்ரவரியில், ஆறு ஐரோப்பிய நாட்டு அணிகள் ஆண்டுதோறும் மோதும் ஆறு நாடுகள் தொடர் வருகிறது, அதற்கு அவர் முழு உடலோடு வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது செக்ஸ்டனுக்கு வருகிறேன். 1985 ஜூலை 11-இல் டப்ளினில் பிறந்தவர். படித்தது ராத்மைன்ஸ் பகுதியில் இருக்கும் செயின்ட் மேரீஸ் கல்லூரிப் பள்ளியில். லென்ஸ்டரில் பள்ளிதான் முதல் வாசல். கட்டணம் வாங்கும் பழைய கத்தோலிக்கப் பள்ளிகள் சில, தங்களுக்குள் ஆடும் பள்ளிக் கோப்பையை ஏறக்குறைய மதச் சடங்குபோல நடத்துகின்றன. பதினேழு வயதுப் பையன்கள் ஆயிரக்கணக்கான பேர் முன்னால் ஆடுகிறார்கள். அங்கிருந்து மாகாணத்தின் பயிற்சிக்கழகம், 20 வயதுக்குட்பட்டோர் அணி, பிறகு முழு ஒப்பந்தம். இந்த வாசலை எல்லாரும் கடப்பதில்லை. ஷான் ஓ'பிரையன் கார்லோ மாவட்டத்தின் டல்லோ ஊரிலிருந்தும், டாய்க் ஃபர்லாங் வெக்ஸ்ஃபர்ட் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்தும் உள்ளூர் கிளப்புகள் வழியாக வந்தார்கள். மன்ஸ்டரின் லிமரிக் நகரில் நிலைமையே வேறு. அங்கே துறைமுகத் தொழிலாளியும் வழக்கறிஞரும் ஒரே கிளப்பில் ஆடுவது பழைய வழக்கம். மாய்ராஸ் என்ற உழைப்பாளர் குடியிருப்பில் வளர்ந்த கீத் எர்ல்ஸ் அயர்லாந்துக்கு நூறு முறைக்கு மேல் ஆடினார். ஆனால் டப்ளினில் பள்ளியின் பெயர் இன்றும் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அயர்லாந்து ரக்பியை மனமார நேசிக்கும் எனக்கு அதில் பிடிக்காத பகுதி இது.

செக்ஸ்டன் ஆடியது பத்தாம் எண், ஃப்ளை ஹாஃப். ரக்பியை அதிகம் பார்க்காதவர்களுக்காக: ஓர் அணியில் 15 பேர், 80 நிமிட ஆட்டம். பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்றினால் ட்ரை, 5 புள்ளி. அதைத் தொடர்ந்து உதைக்கும் கன்வெர்ஷனுக்கு 2. பெனால்டி உதைக்கும், ஓடும் ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் தட்டவிட்டு உதைக்கும் டிராப் கோலுக்கும் தலா 3. முன்வரிசைக்காரர்கள் முட்டி மோதிப் பந்தை வென்று கொடுத்ததும் அது பத்தாம் எண்ணிடம் வரும். ஓடுவதா, கொடுப்பதா, உதைப்பதா என்பதை அவர் முடிவெடுக்க ஒரு நொடி கிடைக்கும். அந்த ஒரு நொடியில் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆள் ஒருவர் அவரை நோக்கி ஓடிவந்துகொண்டிருப்பார். பெரும்பாலான பத்தாம் எண்கள் பந்தைச் சீக்கிரம் கைமாற்றித் தப்பிப்பார்கள். செக்ஸ்டன் கடைசிக் கணம் வரை பந்தை வைத்திருப்பார். எதிராளி தன்மேல் வந்து விழுவது உறுதியானபின்தான் கொடுப்பார், அப்போதுதான் அடுத்தவருக்கு வழி திறக்கும். பல சமயம் கொடுத்துவிட்டுச் சுற்றி ஓடி அந்தப் பந்தைத் தானே மறுபடி வாங்குவார். அழகான ஆட்டம். ஆனால் ஒவ்வொரு முறையும் உடல்தான் விலை.

2006-இல் லென்ஸ்டருக்கு முதல் ஆட்டம். அதன்பின் மூன்று ஆண்டுகள் காத்திருப்பு. அவருடைய இடத்தில் அர்ஜென்டினாவின் ஃபெலிப்பே கான்டெபோமி இருந்தார். நாட்டு அணியின் பத்தாம் எண்ணோ மன்ஸ்டரின் ரோனன் ஓ'காராவுக்குப் பட்டா போட்டதுபோல இருந்தது. நான்கே இடங்கள் இருக்கும் நாட்டில் இப்படித்தான் பலருடைய இருபதுகள் கரைந்துபோகும். மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தே 24 வயதாகி, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இரண்டாம் நிலை கிளப்புக்குப் போய் மறைந்தவர்கள் ஏராளம். டாய்க் பெர்ன் அப்படித்தான் லென்ஸ்டரால் விடப்பட்டார். அவர் வேல்ஸுக்குப் போய் ஸ்கார்லட்ஸ் அணியில் தன்னை நிரூபித்து, 2018-இல் மன்ஸ்டருக்குத் திரும்பி, பிறகு லயன்ஸ் (பிரிட்டன், அயர்லாந்து வீரர்களில் சிறந்தவர்களைச் சேர்த்து அமைக்கும் கூட்டு அணி) வீரராகவும் ஆனார். அவருடைய கதை வெளியே தெரிகிறது. திரும்பி வராதவர்களின் கதை நமக்குத் தெரிவதில்லை.

செக்ஸ்டனுக்குக் கதவு திறந்த நாள் 2009 மே 2. டப்ளின் குரோக் பார்க்கில், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி, லென்ஸ்டருக்கு எதிரில் மன்ஸ்டர். 82,000-க்கும் மேற்பட்ட கூட்டம். அந்தக் காலத்தில் ஒரு கிளப் ஆட்டத்துக்கு உலகச் சாதனை அது. முதல் பாதியிலேயே கான்டெபோமியின் முழங்கால் போயிற்று. 23 வயது செக்ஸ்டன் உள்ளே வந்தார். வந்ததும் முதல் வேலையாக ஒரு பெனால்டி. உதைத்தார், உள்ளே போனது. லென்ஸ்டர் 25-6 என வென்றது. அந்த ஆட்டத்தில் லென்ஸ்டர் ட்ரை அடித்த தருணத்தில், கீழே கிடந்த ஓ'காராவின் தலைக்கு மேல் நின்று செக்ஸ்டன் கத்தும் புகைப்படம் அயர்லாந்து முழுக்கப் பரவியது. மூன்று வாரம் கழித்து எடின்பரோவில் இங்கிலாந்து கிளப் லெஸ்டருக்கு எதிரான இறுதியில் நடுக்கோட்டுக்கு அருகிலிருந்து ஒரு டிராப் கோல் அடித்தார். லென்ஸ்டர் 19-16 என வென்று முதன்முறையாக ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது.

அதே ஆண்டு நவம்பர் 21-இல் ஃபிஜிக்கு எதிராக அயர்லாந்துக்கு முதல் ஆட்டம். அடுத்த வாரமே தென்னாப்பிரிக்காவை 15-10 என வென்றபோது அந்த 15 புள்ளிகளும் இவருடைய ஐந்து பெனால்டிகள். கான்டெபோமி காயப்படாமல் இருந்திருந்தால் இது எப்போது நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பிறகு 2011. கார்டிஃபில் ஐரோப்பியக் கோப்பை இறுதி, இங்கிலாந்து கிளப் நார்தாம்ப்டனுக்கு எதிராக. இடைவேளையில் லென்ஸ்டர் 6-22 எனப் பின்தங்கியிருந்தது. இரு அணி முன்வரிசைக்காரர்களும் பின்னிக்கொண்டு தள்ளும் ஸ்க்ரம்மில் நார்தாம்ப்டன் அவர்களைக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தது. உடைமாற்றும் அறையில் எழுந்து பேசியவர்களில் செக்ஸ்டனும் ஒருவர். அதன்பின் 27 புள்ளிகள் தொடர்ந்து லென்ஸ்டருக்கே, எதிரணிக்கு ஒன்றுகூட இல்லை. அதில் 22 செக்ஸ்டனுடையவை, இரண்டு ட்ரைகள் உட்பட. முடிவு 33-22. மொத்தத்தில் அன்று அவர் எடுத்தது 28. ஒரு தனி ஆள் ஓர் இறுதி ஆட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு ஐரோப்பிய ரக்பியில் எனக்குத் தெரியவில்லை. மறு ஆண்டும் கோப்பை லென்ஸ்டருக்கே.

இங்கே வருகிறது பணத்தின் கதை. 2013-இல் ஒப்பந்தம் முடியும் நேரத்தில் சங்கத்துக்கும் அவருக்கும் பேச்சு ஒத்துவரவில்லை. பாரிஸின் ராசிங் மெட்ரோ கிளப் அதிகம் கொடுக்க முன்வந்தது. பிரான்ஸில் கிளப்புகள் தனியாருடையவை. பெருஞ்செல்வர்கள் வைத்திருக்கிறார்கள், அவர்களால் அயர்லாந்து சங்கத்தைவிடக் கூடுதலாகத் தர முடியும். செக்ஸ்டன் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் போனார். போகும் முன் அந்தக் கோடையில் லயன்ஸ் அணியோடு ஆஸ்திரேலியா போய், மூன்று டெஸ்டிலும் ஆடி, கடைசி டெஸ்டில் ட்ரை அடித்து, 2-1 என்ற தொடர் வெற்றியில் பங்கெடுத்துவிட்டு வந்திருந்தார். அயர்லாந்தில் இருந்திருந்தால் சங்கம் அவரைப் பல வாரம் ஓய்வில் வைத்திருக்கும். பாரிஸில் அப்படி யாரும் வைக்கவில்லை. பிரெஞ்சு லீக்கில் ஒரு பருவத்துக்கு 26 சுற்று ஆட்டங்கள், அதற்கு மேல் ஐரோப்பியக் கோப்பை. முதலாளி காசு கொடுத்திருக்கிறார், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆள் வேண்டும். அவருடைய நோக்கிலிருந்து பார்த்தால் அதுவும் நியாயமே.

2013 நவம்பரில் நியூசிலாந்துக்கு எதிராக அயர்லாந்து 22-17 என முன்னிலையில் இருக்க, சில நிமிடங்களே மீதமிருந்த நிலையில் அவருக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. உள்ளே போயிருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். போகவில்லை. நேரம் தீர்ந்தபின் நியூசிலாந்து ட்ரை அடித்து 24-22 என வென்றது. களைப்புதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் அவர் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைச் சுட்டி அயர்லாந்தில் பலர் அப்போதே கவலைப்பட்டார்கள். 2014 மார்ச்சில் பாரிஸில் பிரான்ஸை 22-20 என வென்று ஆறு நாடுகள் கோப்பையைப் பிடித்த நாளில் இரண்டு ட்ரைகளோடு 17 புள்ளிகள் எடுத்த அவர், ஆட்டம் முடிவதற்குள் பிரான்ஸின் மாத்தியூ பாஸ்தாரோவுடன் மோதி நினைவிழந்து வெளியே தூக்கிச் செல்லப்பட்டார். பிரையன் ஓ'டிரிஸ்கால் என்ற மாபெரும் வீரர் நாட்டு அணிக்கு ஆடிய கடைசி ஆட்டம் அது. அந்த ஆண்டின் இறுதியில், தொடர்ச்சியான தலை அதிர்ச்சிகளால், பிரான்ஸில் ஒரு நரம்பியல் மருத்துவர் அவரை 12 வாரம் ஆடக்கூடாது என்று நிறுத்தினார். 2015 பிப்ரவரியில் திரும்பி வந்த முதல் ஆட்டமும் பிரான்ஸுக்கு எதிராகவே. மறுபடி பாஸ்தாரோவுடன் மோதல், கண்ணருகே தையல். அந்த ஆட்டத்தை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

தலைக்காயத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லியாக வேண்டும். இன்று களத்தில் ஒருவருக்குத் தலையில் அடி என்று ஐயம் வந்தால் உடனே வெளியே அழைத்துப்போய்ச் சோதிக்கிறார்கள். மறுநாளும் அதன்பிறகும் மீண்டும் சோதனைகள். 2022 முதல், தலை அதிர்ச்சி உறுதியானால் பெரும்பாலோர் 12 நாளுக்கு முன் ஆடமுடியாது. இந்த அக்கறை எல்லாம் மெதுவாகத்தான் வந்தது. அதற்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த வீரர்கள் பலர் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வழக்குத் தொடுத்திருக்கிறார்கள். நினைவாற்றல் குறைவதாக நாற்பதுகளிலேயே சொல்பவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். ரக்பியை ரசிப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் ரசிக்க வேண்டும்.

தலை மட்டுமல்ல. அல்ஸ்டரின் ஸ்டீஃபன் ஃபெரிஸ் கணுக்கால் காயத்தால் 2014-இல் 28 வயதில் நிறுத்தினார். லூக் ஃபிட்ஸ்ஜெரால்டு கழுத்துக் காயத்தால் 2016-இல், அவருக்கும் 28. 2018-இல் ஆறு நாடுகள் தொடரின் எல்லா ஆட்டங்களையும் வென்று கிராண்ட் ஸ்லாம் எடுத்த அணியில் பிரமாதமாக ஆடிய டான் லீவி முழங்கால் சிதைந்து, நீண்ட நாள் போராடி, 2022-இல் 27 வயதில் விடைபெற்றார். ஜேமி ஹீஸ்லிப் 2017-இல் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றும்போது முதுகில் காயப்பட்டார், மறுபடி ஆடவே இல்லை. பால் ஓ'கானல் 2015 உலகக் கோப்பையில் பிரான்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் இடைவேளைக்குச் சற்று முன் தொடையின் பின்தசை கிழிந்து ஸ்ட்ரெச்சரில் போனார். அதன்பின் தூலோன் கிளப்புக்குப் போவதாக ஒப்பந்தம் இருந்தும் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் ஓய்வை அறிவித்தார். எத்தனை வயது வரை ஆடலாம் என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இந்தப் பெயர்கள்தான். முப்பதைத் தாண்டி இரண்டு மூன்று ஆண்டு கிடைத்தாலே நல்வாய்ப்பு.

செக்ஸ்டன் 2015-இல் லென்ஸ்டருக்குத் திரும்பினார். இந்த முறை சங்கம் நல்ல ஒப்பந்தத்தோடு அழைத்தது. பாரிஸில் இருந்தபோதும் அவரை நாட்டு அணிக்கு எடுத்தார்கள் என்பது ஒரு விதிவிலக்கு. எழுதப்படாத வழக்கம், வெளிநாட்டில் ஆடுபவருக்கு அயர்லாந்து அணியில் இடமில்லை என்பது. மன்ஸ்டரின் சைமன் சீபோ அதே ராசிங் கிளப்புக்குப் போக முடிவெடுத்தபோது நாட்டு அணியின் கதவு அவருக்கு மூடியது. பணமா, அயர்லாந்தின் பச்சைச் சட்டையா என்று வீரரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். கடுமையான ஏற்பாடுதான். ஆனால் அதனால்தான் முன்னணி வீரர்கள் அநேகமாக எல்லாரும் தீவுக்குள்ளேயே இருக்கிறார்கள், சங்கத்தின் கண்பார்வையில், அளந்து கொடுக்கப்படும் ஆட்டங்களோடு.

இந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு தூண்டிலும் உண்டு, அது அரசாங்கத்தின் கையில். 2002-இல் கொண்டுவந்த வரிச்சட்டத்தின்படி, ஓய்வு பெறும் தொழில்முறை விளையாட்டு வீரர் அதிகபட்சம் 10 ஆண்டுகளின் நேரடி விளையாட்டு வருமானத்தில் 40 சதவீதத்தைக் கழித்துக் கணக்கிட்டு, கட்டிய வருமான வரியில் ஒரு பங்கைத் திரும்பப் பெறலாம். விளம்பர வருமானம் இதில் சேராது. முப்பதிரண்டு வயதில் வேலை முடிந்துவிடும் ஒருவருக்கு அந்தத் தொகை வீடாகவோ புதிய தொழிலின் முதலாகவோ ஆகிறது.

முப்பதைக் கடந்தபின்தான் செக்ஸ்டனின் உச்சம் வந்தது. 2016 நவம்பரில் சிகாகோவில் அயர்லாந்து நியூசிலாந்தை 40-29 என வென்றது. 1905-இலிருந்து 111 ஆண்டுகளில் முதல் வெற்றி. 2018 பிப்ரவரி 3, பாரிஸ். மழை, குளிர். பிரான்ஸ் 13-12 முன்னிலை, நேரம் முடியப் போகிறது. அயர்லாந்து தன் 22 மீட்டர் கோட்டருகே பந்தைப் பிடித்தது. ஒரு பிழை செய்தாலும் ஆட்டம் போய்விடும். ஐந்து நிமிடத்துக்கு மேல், 41 முறை மோதி விழுந்து எழுந்து, பந்தை விடாமல் நகர்த்தினார்கள். நடுவில் செக்ஸ்டனே குறுக்கே ஓர் உதை அடித்து எர்ல்ஸிடம் சேர்த்தார். அந்த நிலைமையில் அப்படி ஓர் உதையை நினைத்துப் பார்க்கவே தனித் துணிச்சல் வேண்டும். கடைசியில் நாற்பது மீட்டருக்கும் மேற்பட்ட தூரத்திலிருந்து, தொடையில் பிடிப்போடு, டிராப் கோல். பந்து குறுக்குக் கம்பத்தைத் தாண்டி விழுந்தது. 15-13. அந்த ஓர் உதை இல்லையென்றால் மார்ச் 17-இல் லண்டனில் முடிந்த கிராண்ட் ஸ்லாம் இல்லை. மே மாதம் பில்பாவோவில் ராசிங்கையே வீழ்த்தி நான்காவது ஐரோப்பியக் கோப்பை, ஜூனில் ஆஸ்திரேலியாவில் தொடர் வெற்றி, நவம்பரில் டப்ளினில் நியூசிலாந்து மீது 16-9. அந்த ஆண்டின் உலகச் சிறந்த வீரர் விருது அவருக்கு. 2001-இல் கீத் வுட்டுக்குப் பின் அதைப் பெற்ற முதல் அயர்லாந்துக்காரர்.

2019 உலகக் கோப்பை சோகம். காலிறுதியில் நியூசிலாந்திடம் 46-14. வயது 34. இத்துடன் முடிந்தது என்று எழுதியவர்கள் பலர். புதிய பயிற்சியாளர் ஆண்டி ஃபாரலோ 2020-இல் அவரையே தலைவராக்கினார். 2021-இல் லயன்ஸ் அணிக்கு அதன் பயிற்சியாளர் வாரன் கேட்லாண்ட் அவரை எடுக்கவில்லை, அவருடைய உடல் தொடர்ந்து தாங்குமா என்ற ஐயத்தில். அது அவரை ஆழமாகப் புண்படுத்தியது.

அதற்குப் பதிலாக அந்தக் கோடையில் கிடைத்த ஓய்வு அவருக்கு இரண்டாண்டு ஆயுளைக் கூட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நவம்பரில் ஜப்பானுக்கு எதிராக நூறாவது ஆட்டம், அதில் ஒரு ட்ரை. 2022 ஜூலையில் நியூசிலாந்துக்குப் போனார்கள். முதல் டெஸ்ட் தோல்வி, செக்ஸ்டன் தலைச்சோதனைக்காக வெளியேறினார். சோதனைகளில் தேறி மறுவாரம் டனீடினில் ஆடினார், 23-12 வெற்றி. நியூசிலாந்து மண்ணில் அயர்லாந்தின் முதல் வெற்றி. இரண்டு நாள் கழித்து அவருக்கு 37 வயது நிறைந்தது. அதே வாரக் கடைசியில் வெலிங்டனில் 32-22, தொடரும் கைக்கு வந்தது. இந்தக் காலத்தில் லென்ஸ்டருக்கு அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் மிகக் குறைவு என்பதைக் கவனியுங்கள். பெரிய நாட்களுக்காக அவரைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். ஒரு தனியார் முதலாளி இதற்கு ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டார்.

2023 மார்ச் 18, டப்ளின். இங்கிலாந்தை 29-16 என வென்று கிராண்ட் ஸ்லாம். அயர்லாந்தின் வரலாற்றில் நான்காவது, டப்ளினில் முடிந்த முதலாவது. அதே ஆட்டத்தில் ஆறு நாடுகள் தொடரின் மொத்தப் புள்ளிகளில் ஓ'காராவின் 557-ஐத் தாண்டி 566-இல் நின்றார். ஆனால் தொடை இடுக்கில் ஏற்பட்ட தசைக் காயத்தால், லென்ஸ்டருக்கு அதன்பின் ஆடவே முடியவில்லை. மே மாதம் டப்ளினில் நடந்த ஐரோப்பிய இறுதியில் லென்ஸ்டர் 26-27 எனப் பிரெஞ்சு கிளப் லா ரோஷெலிடம் தோற்றபோது அவர் ஆடாமல் ஓரத்தில் நின்றார். லா ரோஷெலின் பயிற்சியாளர் யார் தெரியுமா? அதே ரோனன் ஓ'காரா. குரோக் பார்க்கில் எதிரெதிரே நின்றவர்கள், பின்னர் ராசிங்கில் வீரரும் உதைப் பயிற்சியாளருமாக ஒன்றாக வேலை செய்து நெருங்கியவர்கள். அன்று ஆட்டம் முடிந்ததும் செக்ஸ்டன் களத்தில் இறங்கி நடுவரிடம் கடுமையாகப் பேசிவிட்டார். அதற்கு மூன்று ஆட்டத் தடை. தண்டனை சரியானதுதான். எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் நடுவரிடம் அப்படிப் போகக்கூடாது.

தடையால் உலகக் கோப்பைக்கு முந்தைய ஒத்திகை ஆட்டங்கள் எதிலும் அவர் இல்லை. கிட்டத்தட்ட ஆறு மாதம் ஆடாமல் இருந்து, செப்டம்பரில் போர்தோவில் ருமேனியாவுக்கு எதிராக இறங்கி இரண்டு ட்ரை அடித்தார். அடுத்த வாரம் டோங்காவுக்கு எதிராக, ஓ'காராவின் 1,083 புள்ளிகள் என்ற அயர்லாந்துச் சாதனையையும் கடந்தார். தென்னாப்பிரிக்காவை 13-8 என வென்றார்கள். தொடர்ந்து 17 ஆட்டங்களில் வெற்றி. அக்டோபர் 14, காலிறுதி, மறுபடி நியூசிலாந்து. நான்கு புள்ளி பின்தங்கிய அயர்லாந்து கடைசியில் 37 முறை மோதி முன்னேறப் பார்த்தது. பாரிஸில் ஐந்தாண்டுக்கு முன் நடந்தது இந்த முறை நடக்கவில்லை. நியூசிலாந்தின் சாம் வைட்லாக் பந்தைப் பறித்தார். 28-24. அன்றே செக்ஸ்டனின் ஆட்ட வாழ்க்கை முடிந்தது. அயர்லாந்துக்காக 118 ஆட்டங்கள், 1,108 புள்ளிகள், லயன்ஸுக்காக ஆறு டெஸ்ட். உலகக் கோப்பையில் அயர்லாந்து காலிறுதியைத் தாண்டியதே இல்லை என்ற குறை அவர் காலத்திலும் தீரவில்லை.

ஓய்வுக்குப் பின் என்ன செய்வார்கள் என்றும் கேட்டீர்கள். செக்ஸ்டன் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் வணிகவியல் பட்டம் பெற்றவர். ஆடி முடித்ததும் பொதிபொருள் தயாரிக்கும் ஆர்டா குழுமத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஆட்டம் விடவில்லை. அயர்லாந்தின் இளம் பத்தாம் எண்களுக்கு உதைப் பயிற்சி அளிக்கத் திரும்பி வந்தார், 2025-இல் ஆஸ்திரேலியா போன லயன்ஸ் அணிக்கு ஃபாரலின் உதவிப் பயிற்சியாளர்களில் ஒருவராகவும் இருந்தார். மற்றவர்கள் தொலைக்காட்சி, சொத்து விற்பனை, உடற்பயிற்சித் தொழில் என்று பிரிந்துபோகிறார்கள். வீரர்கள் சங்கம் ஆடும் காலத்திலேயே படிப்பைத் தொடரச் சொல்லி வற்புறுத்துகிறது. அது மிக நல்ல ஏற்பாடு. பெண்களுக்கோ 15 பேர் ஆட்டத்தில் முழுநேர ஒப்பந்தங்களே 2022-இல்தான் வந்தன. அவர்களுடைய முதல் தொழில்முறைத் தலைமுறை இப்போதுதான் ஆடிக்கொண்டிருக்கிறது.

நேரம் இருந்தால் இரண்டு பதிவுகளைத் தேடிப் பாருங்கள். ஒன்று 2011 கார்டிஃப் இறுதியின் இரண்டாம் பாதி. இன்னொன்று 2018 பாரிஸ் ஆட்டத்தின் கடைசி ஆறு நிமிடம். அதில் பந்து வைத்திருப்பவரைப் பார்க்காமல் பத்தாம் எண்ணை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு மோதலுக்கும் பின் எங்கே போய் நிற்கிறார், யாரைக் கையசைத்து அழைக்கிறார், எப்போது தன் தொடையைப் பிடித்துக்கொள்கிறார் என்று கவனித்தால், அந்த உதைக்கு முன்னால் அவர் செய்த வேலை எவ்வளவு என்பது தெரியும்.